ஒயர் எட்டுகிற தூரம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் அனுப்பிய படத்தை நீ பாதியில் நிறுத்திவிட்டாய். முழுக்கப் பார்த்தேன் என்று எழுதியிருப்பது பொய்.

உன் கடிதத்தில் குறைகளாக அடுக்கியிருக்கிறாய். படம் ஆடுகிறதாம், சுவரில் ஈரம் தெரிகிறதாம், அம்மா சத்தம் போடுகிறாளாம், அப்புறம் வெறும் தரையும் மேஜைக்காலுமே ஓடுகிறதாம். எல்லாம் சரி. கடைசியில், படத்தில் அப்பா ஏன் ஒழுங்காக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று கேட்டிருக்கிறாய். அங்கேதான் மாட்டிக்கொண்டாய். அந்த மேஜைக்காலை இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொண்டிருந்தால் அப்பா பேசியது காதில் விழுந்திருக்கும். உன்னைப் பற்றித்தான் பேசினார்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ நடுவில் புகுந்துவிடுவாய். காகிதத்தில் நான் முடிக்கும்வரை நீ சும்மா இருக்கத்தான் வேண்டும்.

முதலில் கேமரா. மலிவாகக் கிடைத்தது என்று எதையோ வாங்கிவிட்டேன் என்கிறாய். மலிவாகத்தான் வாங்கினேன், எதையோ வாங்கவில்லை. ரிப்பேர்க் கடையில் விலைக்குப் பழைய வீடியோ கேமராக்கள் இரண்டு இருந்தன. ஒன்று உள்ளங்கையில் அடங்கும், வெள்ளி நிறம். எதிர்மாடியில் காய்கிற சட்டையின் பொத்தானைக்கூடக் கிட்டே இழுத்துக் காட்டியது. மற்றது செங்கல் மாதிரி. திரையில் ஒரு மூலை செத்துப்போயிருந்தது. பேட்டரி நிற்காது, ஒயரை மாட்டித்தான் ஓட்டவேண்டும். ஆனால் மைக் செருக அதில் ஒரு துளை இருந்தது. கடைக்காரரை மின்விசிறிக்குக் கீழே நிற்கவைத்து, மெதுவாக ஏதாவது பேசச் சொல்லி இரண்டிலும் பதிவு செய்து பார்த்தேன். வெள்ளிக் கேமராவில் விசிறிதான் பேசியது. செங்கல்லில், வியாபார நேரத்தில் வந்து உயிரை எடுக்கிறாள் என்று அவர் முணுமுணுத்ததுகூடத் தெளிவாக இருந்தது. "நீ படம் எடுக்கப் போறியா, ஒட்டுக் கேக்கப் போறியா?" என்றார். ஒட்டுக் கேட்கத்தான் என்று சொல்லி எடுத்து வந்தேன். சிரித்துக்கொண்டே மைக்கைச் சும்மா கொடுத்தார்.

எனக்கு வேண்டியிருந்தது அப்பாவின் குரல். மாதக் கடைசியில் ஆபரேஷன். தொண்டையிலிருந்து குரல்வளையை எடுத்துவிடுவார்கள். உயிர் தங்கும், குரல் தங்காது என்று டாக்டர் எங்கள் முகத்தைப் பார்த்தே சொன்னார். உனக்கும் அன்றே சொல்லிவிட்டேன். ஆனால் தெரிந்தவன் மாதிரி நீ நடந்துகொள்ளவில்லை. போன தடவை அப்பா போனில் பேச ஆரம்பித்ததும் "லைன் சரியில்லப்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. அவர் குரலே இப்போது அந்தக் கரகரப்புதான். அன்றிலிருந்து போன் மணி அடித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுகிறார்.

அடுத்து ஈரச் சுவர். உனக்குப் பார்த்திருக்கிற பெண் வீட்டாருக்குப் போட்டுக் காட்டவேண்டும், அதையெல்லாம் வெட்டிவிட்டு, திரைச்சீலை தொங்கவிட்டுத் திரும்ப எடு என்று எழுதியிருக்கிறாய். அண்ணா, நம் வீட்டில் வேலை செய்கிற ஒரே பிளக் சமையலறை வாசலில் இருக்கிறது. கேமரா எங்களைத் தேடி வராது, நாங்கள்தான் அதனிடம் போகவேண்டும். ஒயர் எட்டுகிற தூரத்தில் இருப்பது அந்தச் சுவரும், சாப்பாட்டு மேஜையும், அம்மாவின் முதுகும்தான். அங்கேதான் நாங்கள் வாழ்கிறோம். வேறு வீடு இருந்தால் அதை எடுத்து அனுப்பியிருப்பேன்.

அம்மா ஏன் சத்தம் போட்டாள் என்றும் தெரிந்துகொள். அன்று, அப்பா வேலை பார்த்த பீரோ பட்டறையின் சூப்பர்வைசர் பழம் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்க வந்திருந்தார். முகமூடி கேட்டால் கைக்குட்டையைக் கட்டிக்கொள்ளச் சொன்ன அதே மனிதர். அந்தக் கொட்டகையில் அப்பா எத்தனை பீரோவுக்கு ஸ்பிரே பெயின்ட் அடித்திருப்பார், அவ்வளவையும் மூச்சில் இழுத்தார். வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் அன்றைய நிறம் வரும். நாம் இரண்டு பேரும் இன்று பச்சையா நீலமா என்று பந்தயம் கட்டி விளையாடுவோம். நமக்கு அது விளையாட்டாக இருந்தது. அந்தச் சூப்பர்வைசர் நம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சிகரெட் பழக்கம் இருந்தால் இப்படித்தான் தொண்டையில் கொண்டுவந்து விடும் என்றார். அப்பா வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை. அம்மா அடுப்படியிலிருந்தே, "ஒரு நாள் அந்தக் கொட்டகைல முகமூடி இல்லாம நின்னுட்டு வாங்க, சிகரெட்டை நானே வாங்கித் தரேன்" என்றாள். அதைத்தான் நீ சத்தம் என்கிறாய். பழத்தையும் அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதில் ஒரு வார்த்தையையும் வெட்டமாட்டேன். உன் வருங்கால மாமனாருக்கு அது பிடிக்காவிட்டால், நம் அம்மாவுக்கு அவர் சம்பந்தியாக வேண்டாம்.

இப்போது மேஜைக்கால். அது என் தப்புதான். அந்தக் கேமராவில் ஓட்டுவதற்கும் நிறுத்துவதற்கும் ஒரே பொத்தான். பதிவாகிறது என்று காட்டும் சிவப்புப் புள்ளி திரையின் செத்த மூலையில் வரும், அதனால் எங்கள் கண்ணில் படாது. எங்கோ ஒரு தடவை கூடுதலாக அழுத்திவிட்டேன் போலிருக்கிறது. அதற்கப்புறம் எல்லாம் தலைகீழ். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், அடையாள அட்டைக்கு நிற்கிற மாதிரி விறைப்பாக நின்று, நல்லா இருக்கேன், உடம்பைப் பாத்துக்கோ என்று சொன்னாரே, அதில் ஒன்றும் பதிவாகவில்லை. நிறுத்திவிட்டோம் என்று நினைத்துக் கேமராவைத் தரையில் வைத்தேன். அப்போதுதான் ஓட ஆரம்பித்திருக்கிறது.

அதற்குப் பிறகு உள்ளதை நீ கேட்கவில்லை, எழுதுகிறேன். ஆபரேஷன் முடிந்து அப்பா கொஞ்சம் தேறியதும் பையன் லீவில் வருவான், துணையாக இருப்பான் என்று அம்மா சமாதானம் சொல்கிறாள். அப்பா நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம் கேட்கிறது. அப்புறம், "வந்தா எனக்குப் பேச்சு இருக்கறப்ப வரட்டும். அதுக்கப்புறம் வந்து என்ன, ஊமைப் படம் பாக்கவா?" என்கிறார். சொல்லிவிட்டு அவரே சிரிக்கிறார். சிரிப்பு இருமலில் போய் முடிகிறது. தண்ணீர் குடித்துவிட்டு, இதை அவனிடம் சொல்லிவிடாதே, லீவு கிடைக்காத இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறான், மனசு கஷ்டப்படும் என்று அம்மாவைக் கேட்டுக்கொள்கிறார்.

அம்மா சொல்லவில்லை. நான் சொல்கிறேன். போட்டுப் பார்த்தபோதே இந்த இடத்தை அழித்திருக்கலாம். வேண்டுமென்றேதான் விட்டேன்.

ஆபரேஷன்வரைக்கும் அப்பாவை நிறையப் பேசவைத்து எடுத்துவை, குரலாவது நம்மிடம் இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். இருக்கும். ஆனால் நீ ஒன்று கேட்டால் அது பதில் சொல்லாது. உன்னைத் திட்டாது. சாப்பிட்டாயா என்று கேட்காது. நீ அங்கே உட்கார்ந்து பார்ப்பதற்குத் தோதாக நான் இங்கே அப்பாவைப் பெட்டிக்குள் அடைத்துத் தருவதாக இல்லை. லீவு தரமாட்டார்கள் என்றால் சண்டை போடு. எங்கள் அலுவலகத்தில் மேனேஜர் முன்னால் நின்று நான் போட்டேன், கொடுத்தார்கள். தராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வா. வேலை போனவர்கள் மறுபடி வேலை தேடிக்கொள்கிறார்கள்.

அம்மா உன்னை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். நான் உன்னை வரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கை

அண்ணா,

நேற்று உன் பார்சல் வந்தது. புதுக் கேமரா. கூடவே கடிதம் இருக்கும் என்று நினைத்துப் பிரித்தேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவி, நல்ல பெயின்ட், திட்டே இல்லை என்றார். அப்புறம் உள்ளே லெட்டர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். நான் சரியாகப் பார்த்திருக்கமாட்டேன் என்று அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவரே தேடினார். தெர்மோகோலைத் தூக்கிப் பார்த்தார். செய்முறைப் புத்தகத்தை உதறினார். ஒயர் சுற்றியிருந்த காகிதத்தைக்கூடப் பிரித்து நீவி, இரண்டு பக்கமும் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று ஆனதும், எது எது எங்கே இருந்ததோ அங்கங்கே ஒழுங்காக வைத்து மூடினார். வேலை ஜாஸ்தியாக இருக்கும், பாவம் என்றார். உன்னைத்தான்.

நான் அப்படிச் சொல்லமாட்டேன். கேமராவை இன்றே திருப்பி அனுப்புகிறேன். கோபத்தில் அனுப்புகிறேன் என்றே வைத்துக்கொள். நம் வீட்டுக்கு இன்னொரு கேமரா தேவையில்லை.

ஆஸ்பத்திரியில் தேதி சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசிப் புதன்கிழமை சாயங்காலம் அப்பாவைச் சேர்க்கிறோம். வியாழன் காலையில் உள்ளே கொண்டுபோவார்கள். நடுவில் ஓர் இரவு இருக்கிறது. அன்று தொண்டைக்கு ஓய்வு தேவையில்லை, எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

வார்டில் துணைக்கு ஒரு ஆளைத்தான் விடுவார்களாம், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரே நாற்காலி. யார் பெயர் என்று நர்ஸ் கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் அம்மா பெயரைச் சொல்லவில்லை, என் பெயரையும் சொல்லவில்லை. உன் பெயரைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அப்பாவுக்கும் அது தெரியும்.

புதன்கிழமை இருட்டுவதற்குள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்.

தங்கை