கைகாட்டி மரம் பச்சை காட்டும் வரை

என் செல்ல அண்ணி பச்சையம்மாவுக்கு,

நேற்று ராத்திரி நட்சத்திரம் விழ ஆரம்பித்துவிட்டது. நீ ஆடியில் போய்ச் சேர்ந்தது அதற்குத் தெரியுமா என்ன? கார்த்திகை முடியப்போகிறது என்றதும் வருஷா வருஷம் வருகிற மாதிரியே வந்துவிட்டது. இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

என் கல்யாணக் கதையை நீ சொல்லிக் கேட்கத்தான் எல்லோருக்கும் பிடிக்கும். பாதி பொய்யாக இருக்கும், ஆனாலும் ருசியாக இருக்கும். இந்த வருஷம் நான் சொல்ல வேண்டியதாகிவிட்டது. எங்கேயாவது தப்பினால் கனவில் வந்து திட்டு.

இவருக்கு முன்னால் என்னைப் பெண் பார்க்க இரண்டு இடத்துக்காரர்கள் வந்து, நீ சுட்ட போண்டாவைத் தின்றுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். மூன்றாவதாக வந்தவர் இவர். பார்த்த உடனே எனக்குப் பிடித்துவிட்டது. உன் காதில் மட்டும் சொன்னேன், நீ இடுப்பில் கிள்ளினாய். ஆனால் தாயில்லாத அவரை வளர்த்த பெரியம்மா சரி என்று சொன்னால்தான் கல்யாணம். அன்றைக்குக் கார்த்திகைக் கடைசி, அதனால் அன்றைக்கே தட்டு மாற்றியாக வேண்டும். மார்கழி பிறந்துவிட்டால் தை வரைக்கும் பேச்சே கிடையாது, அதற்குள் அவர்கள் இருக்கும் வியாசர்பாடியிலேயே அவருக்கு வேறு பெண் கிடைத்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

தண்டையார்பேட்டையில் நம் வீடு ஒற்றை அறை. கரண்டும் போய்விட்டது. அதனால் எல்லோரும் தெருவில் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்தோம். மழை விட்டு வானம் துடைத்த மாதிரி இருந்தது. பெரியம்மா வெற்றிலையை மென்றுகொண்டே "பொண்ணு ஜோராத்தான் கீது" என்று சொல்லித் தட்டுக்குக் கை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து கிழக்கிலிருந்து ஒன்று தெருவுக்கு நேர் மேலே நீளமாகக் கிழித்துக்கொண்டு போனது.

நீட்டின கை பின்னால் போய்விட்டது. "எரி நட்சத்திரம் வுழுந்துச்சு. பச்ச மரத்தப் பாத்தாத்தான் தோஷம் போவும். அத்தப் பாக்காம நான் தட்டத் தொடமாட்டேன்" என்றாள்.

நம் தெருவில் மரத்துக்கு எங்கே போவது? இருந்த ஒரு முருங்கையும் ஐப்பசிக் காற்றில் சாய்ந்துவிட்டது. ஒரு பக்கம் குடோன் சுவர், இன்னொரு பக்கம் தண்டவாளம். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். இதுவும் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

நீதான் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாய். "மரந்தானே பெரிம்மா வோணும்? அதோ, கைகாட்டி மரம்."

பெரியம்மா திரும்பிப் பார்த்தாள். ரயில் சிக்னல் கம்பம், உச்சியில் மண்ணெண்ணெய் விளக்கு. "அது செவப்பா கீதே?"

"கூட்ஸு வர்ற நேரந்தான். வந்தா பச்ச காட்டும். மரமும் ஆச்சு, பச்சையும் ஆச்சு. செத்த குந்து."

அந்தக் கூட்ஸ் வரவே இல்லை அண்ணி. ஹார்பரில் அதை அனுப்பாமல் யார் தூங்கினார்களோ. நட்சத்திரமோ நின்றபாடில்லை. ஒவ்வொன்றாக விழ விழ, பெரியம்மா முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு "இன்னொண்ணு, ஐயோ இன்னொண்ணு" என்று புலம்பினாள். நீ அவள் எதிரில் போய் நின்று, முகத்துக்கு நேரே லாந்தரைத் தூக்கிப் பிடித்தாய். "பச்ச வர்ற வரிக்கும் என் மூஞ்சியப் பாத்துகினு இரு பெரிம்மா. எம்பேரு பச்சையம்மா."

தெருவே சிரித்தது. சிரிக்கக் கூடாது என்று அடக்கிப் பார்த்த பெரியம்மா வெற்றிலைச் சாற்றைத் தன் புதுப் புடவையிலேயே துப்பிக்கொண்டாள். அதுவரை வாயைத் திறக்காத இவர் அப்போதுதான் பேசினார். "பச்ச வரலேன்னா நான் இங்கயே குந்திக்கிறேன் பெரிம்மா. நீ வூட்டுக்குப் போ." அந்த இருட்டிலும் எல்லோருக்கும் என் முகம் தெரிந்துவிடுமோ என்று பயந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைசியில் சிக்னல் கம்பி இழுபடும் சத்தம் கேட்டது. கை கீழே இறங்கி, பச்சை எரிந்தது. நம் தெருப் பெண்களுக்குப் பச்சை என்றால் என்ன? கரி இன்ஜின் வருகிறது, கொடியில் கிடக்கிற துணியை எடு என்றுதானே அர்த்தம். அத்தனை பேரும் ஒரே ஓட்டமாக ஓடினார்கள். நீயும் தாம்பூலத் தட்டை என் கையில் திணித்துவிட்டு அண்ணன் வேட்டியைக் காப்பாற்ற ஓடினாய். எதற்கு ஓடுகிறார்கள் என்று புரியாமல் பெரியம்மா எழுந்து நின்றாள். எதிரில் நான், கையில் தட்டு. வேறு வழியில்லாமல் நானே நீட்டினேன், அவளும் வாங்கிக்கொண்டாள். பெண்ணே தட்டு மாற்றிய அதிசயம் நம் தெருவில் எனக்குத்தான் நடந்தது.

அன்றிலிருந்து கார்த்திகைக் கடைசியில் எல்லோரும் உன் வாசலில் கூடுவதும், நீ போண்டா சுடுவதும் வழக்கமாகிவிட்டது. என் மகள் கலா இப்போது பெரிய மனுஷி மாதிரி பேசுகிறாள். வானத்தில் ஒரு தூசித் தெரு இருக்கிறதாம், பூமி வருஷா வருஷம் இதே நாளில் அதைக் கடக்கிறதாம், அந்தத் தூசிதான் எரிந்து விழுகிறதாம். டீச்சர் சொன்னார்களாம். அவ்வளவு தூசி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், அது இன்னும் யாருக்கும் தெரியாதாம். நீ இருந்திருந்தால் "நம்ம தெரு கரியாத்தான் இருக்கும்" என்று சொல்லியிருப்பாய்.

நேற்றும் கூடினோம். போண்டா நான் சுட்டேன், உப்பு கூடிவிட்டது. பெரியம்மா வியாசர்பாடியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். அண்ணன் மட்டும் வெளியே வரவில்லை. நீ போனதிலிருந்து அவர் அப்படித்தான். வேலைக்குப் போவார், வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்.

முதல் நட்சத்திரம் விழுந்ததும் பெரியம்மா பழக்கத்தில் தண்டவாளப் பக்கம் திரும்பினாள். கைகாட்டி மரம் இல்லை. போன மாசம்தான் பிடுங்கிவிட்டு, தூரத்தில் கரண்டு சிக்னல் வைத்திருக்கிறார்கள், குடோன் மறைக்கிறது. எங்கேயாவது பச்சை தெரிகிறதா என்று எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தோம்.

"இன்னாத்துக்கு மரத்தத் தேடிகினு கீறீங்க? அந்தப் பொண்ணு பேரச் சொல்லுங்க, போதும்" என்றாள் பெரியம்மா.

முதலில் இவர்தான் சொன்னார். அப்புறம் கலா, அப்புறம் தெருப் பிள்ளைகள். ஒன்று விழுந்தால் போதும், பச்சையம்மா என்று ஒரே கூச்சல். பக்கத்துத் தெருவிலிருந்து யாரோ வந்து, அது யார் பச்சையம்மா, பிள்ளை காணாமல் போய்விட்டதா என்று விசாரித்தார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அந்தக் கூச்சலில்தான் அண்ணன் வெளியே வந்தார். இத்தனை வருஷம் "இன்னாமே" என்பதைத் தவிர அவர் உன்னை எப்படியாவது கூப்பிட்டிருக்கிறாரா? வாசற்படியில் நின்று வானத்தைப் பார்த்தார். பெரிதாக ஒன்று கடல் பக்கம் விழுந்தது. பிள்ளைகள் வாயைத் திறப்பதற்குள் அவர் கத்தினார், "பச்சையம்மா" என்று. அப்புறம் வெட்கப்பட்டுச் சிரித்தார். உப்புக் கரித்த போண்டாவை மூன்றாவது முறை கேட்டு வாங்கித் தின்றார்.

உனக்குக் கேட்டதா அண்ணி?

இனி ஒவ்வொரு கார்த்திகைக் கடைசியிலும் அவரை வெளியே அழைத்து வந்து நிறுத்துவது என் பொறுப்பு. அவர் வாயால் உன் பேர் தெருவுக்கே கேட்கும். போண்டாவுக்கு உப்பும் அளவாகப் போடுவேன்.

உன் கையிலிருந்து தட்டு வாங்கிய நாத்தனார்,
சரசு