கிலியான் பெயர் இல்லாத சுவர்

வீசன்லோ, மேற்கு ஜெர்மனி
12 அக்டோபர் 1986

வெண்டலினுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அப்பாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, பிளம்ஸ் இந்த வருடம் ஏராளம். டொராண்டோவில் உன் மனைவியும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும். உன் சுகத்தை விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

நம் ஊர்ப் போர் நினைவுச் சின்னத்துக்கு நீ புதிதாக வரைந்து அனுப்பிய படத்தை ஊர் மன்றத்தில் மாட்டியிருக்கிறார்கள். பழைய சின்னத்தில் மண்டியிட்டிருந்த அந்தக் கல் சிப்பாயை எடுத்துவிட்டாய், நல்லது, எனக்கு அவனை எப்போதுமே பிடித்ததில்லை. கழுகு இல்லை, படிக்கட்டு இல்லை, பெயருக்கு முன்னால் படைப் பதவி இல்லை, இடுப்பளவுச் சுண்ணாம்புக்கல் சுவரில் வெறும் பெயர்கள். ஒருவரும் விடுபடவில்லை என்று கீழே பெருமையாக எழுதியும் வைத்திருக்கிறாய். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று முறை படித்தேன். என் அண்ணன் கிலியான் எங்கேடா? பழைய வெண்கலப் பலகையைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறாய். அதில் அவன் ஏன் இல்லை என்று உனக்குத் தெரியாதா? நாற்பத்தைந்தில் போர் முடிய மூன்று வாரம் இருக்கும்போது துப்பாக்கியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வந்த பதினெட்டு வயதுப் பையனை நம் படையே சுட்டது, முன்னாள் வீரர் சங்கம் அவன் பெயரைப் பலகையில் ஏற விடவில்லை. இதைச் சொல்லிச் சொல்லித்தானே உன்னை வளர்த்தேன்?

நேற்று மன்றத்துக்குப் போய்க் கேட்டேன். சங்கத் தலைவர் ஆல்பன் எல்லார் முன்னாலும், "என்ன வால்புர்கா, ஓடிப்போனவனுக்கெல்லாம் கல்லு வெட்டணுமா? ஒம் மகனே வேணாம்னுதான விட்டிருக்கான்" என்று சிரித்தார். முப்பது வருடமாக அவருக்குச் சுடச்சுடப் பதில் கொடுத்தவள், நேற்று உன் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊர்த் தலைவர் மட்டும், "வரைஞ்சவரு திருத்தி அனுப்புனா சேத்துடலாம், கல்வெட்டுறவரு இருபத்தேழாம் தேதி ஆரம்பிச்சிடுவாரு" என்றார். குன்றுக்கு அப்பாலுள்ள படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் அவனை மற்றவர்களோடு ஒரே வரிசையில்தான் புதைத்தார்கள். அங்கே ஒரு கல்லுக்கு இரண்டு பெயர், அவன் பெயருக்குக் கீழே இருப்பவர் ஒரு படை அதிகாரி. குழி தோண்டியவர்களுக்கு இருந்த நியாயம்கூடப் படித்த உனக்கு இல்லாமல் போயிற்று.

திருத்திய படத்தை இந்தக் கடிதம் கிடைத்த அன்றே விரைவு அஞ்சலில் அனுப்பு. மன்னிப்புக் கடிதம் வேண்டாம், வந்தால் பிரிக்க மாட்டேன். அவன் பெயர் இல்லாமல் அந்தச் சுவர் எழும்பினால் நீ இந்த வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி என்றைக்கும் உண்டு. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

இப்படிக்கு,
கிலியானின் தங்கை
வால்புர்கா