பேட்டரியில் மடித்து வைத்த லேபிள்

இசபெல் அப்பாவுக்கு,

நான் ஆஸ்பத்திரிக்கு மத்தியான டூட்டிக்குப் போறேன். சட்டியில கருவாட்டுக் குழம்பு இருக்கு. கோவத்துல பட்டினி கிடக்காதீக.

சாயங்காலம் சர்ச்சு அசன விருந்துக்கு நம்ம மைக் செட் வராதுன்னு பாஸ்டர் ஐயர்கிட்ட சொல்லிடாதீக. சத்தத்தைக் கூட்டுனா பாட்டு நின்னு போகுது, துணி காயப்போடுறப்ப நான் ஸ்பீக்கர் ஒயரை இழுத்ததுதான் காரணம்னு ரெண்டு நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீகளே. காலையில நீங்க வெளிய போனப்புறம் நானே காரைத் திறந்து, கார் பேட்டரியில ஓடுற செட்டைப் போட்டுப் பார்த்தேன். சத்தம் கூடுறப்ப கார் முன்லைட்டும் மங்குச்சு. அப்ப பேட்டரியில இருந்து கரண்டு சரியா வரலைன்னுதானே அர்த்தம்? பார்த்தா, பேட்டரி கிளாம்பு ஆடாம இருக்கத் தீப்பெட்டி லேபிளை மடிச்சுத் திணிச்சிருக்கு! தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்த்தப்ப ஆடுற மேசைக்கெல்லாம் லேபிள் திணிச்ச கை யாரு கையின்னு நான் சொல்லணுமா? காகிதத்துல கரண்டு எப்படிப் போகும்? அதை எடுத்துப் போட்டு, உப்புத்தாளால தேய்ச்சு, ஸ்பேனரால இறுக்கிட்டேன்.

கார் சாவி அரிசிப் பானைக்குள்ள இருக்கு.

இன்னொண்ணு. முழுச் சத்தத்துல மைக்குல பேசியும் பார்த்தேன். அவசரத்துக்கு வேற வார்த்தை வரலை. கல்யாணமாகிப் பத்து வருசமா வாயால சொல்லாத உங்க பேரை மூணு தடவை சொல்லிட்டேன். ஒரு எழுத்துகூட விட்டுப்போகலை. தெருவே வாசலுக்கு வந்து சிரிச்சுச்சு. நீங்க மட்டுந்தான் கேட்கலை. அசனம் முடிஞ்சு வாங்க, மைக் இல்லாம சொல்றேன்.