இனிஷியல் இல்லாதவள்

மட்டாஞ்சேரி
12.8.2002

அன்புள்ள அம்மாவுக்கு,

போன வாரம்தான் எழுதினேன். மறுபடியும் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னியுங்கள். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இங்கே கப்பை என்று சொல்லும் மரவள்ளிக்கிழங்கும் பழகிவிட்டது.

எங்கள் அலுவலகத்தில் மிளகு மூட்டைகளின் எடைப் பட்டியலைப் பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராம்தான் போடுகிறது. அதில் ஒரு பெயரை வைத்துவிட்டு மதிப்புக் கொடுக்க மறந்தால், 'அன்இனிஷியலைஸ்டு' என்று எச்சரிக்கை வரும். சீனியர் அபிலாஷ் சேட்டன் அதைக் காட்டி, "நின்னப் போலத்தன்னெ, இனிஷியல் இல்லாத்த கேஸு" என்று எல்லோர் முன்னும் சிரித்தார். பிறகு எச்சரிக்கையே வராதபடி அணைத்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை பதினெட்டு மூட்டைகளுக்கு எடை பூஜ்யம் என்று வந்தது. மதிப்பில்லாததைப் பெர்ல் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு போய்விடும். முதலாளி என்னைத்தான் முறைத்தார். அவர் பார்க்கும்போதே எச்சரிக்கையைத் திரும்பப் போட்டு ஓட்டினேன். வந்த பதினெட்டு எச்சரிக்கைகளும் அபிலாஷ் எழுதிய நாற்பத்திரண்டாம் வரியைக் காட்டின.

"சேட்டா, இனிஷியல் இல்லாதது யாருன்னு லைன் நம்பரோட சொல்லுது" என்றேன்.

அவர் முகம் போன போக்கை நினைத்து மூன்று நாளாகச் சிரிக்கிறேன். சேர்ந்து சிரிக்கத்தான் ஆளில்லை.

பருப்புப் பொடி அனுப்புங்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்
செல்வலட்சுமி

பி.கு.: வேலையை நிரந்தரமாக்கப் படிவம் தந்திருக்கிறார்கள். இனிஷியல் கட்டம் மட்டும் காலி. நம்மை விட்டுப் போனவரின் எழுத்தை அதில் ஏறவிட மாட்டேன். ஒருநாள் தேடி வந்தாலும் அவர் தன் பெயரை என்னிடம் பார்க்கக் கூடாது. முனியாயி என்ற உங்கள் பெயரின் 'மு'வைப் போட்டுக்கொள்ளட்டுமா, அம்மா?