வண்டிச் சக்கரத்துச் சேறு

என்னங்க,

சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல இருக்கு. நேத்து மாதிரி தட்டை அப்படியே மூடி வெச்சிடாதீங்க. குழாய் ரிப்பேர்காரர் வருவாரு, பின்கதவுச் சாவி ஃப்ரிட்ஜ் மேல.

சத்தியமா அது வெறும் தூசின்னுதாங்க நெனச்சேன். உங்க பொம்மை ரயில் மேஜையைத் துடைக்கும்போது, ஸ்டேஷன் வாசல்ல நின்ன குட்டிக் குதிரை வண்டிங்களையும் ஈரத்துணியால துடைச்சுட்டேன். "அழுக்கு இல்லடி, நம்ம பொண்ணு பூசுன சேறு!"ன்னு நீங்க கத்தினப்பதான் உறைச்சுது. அன்னிக்கு அவ, "அப்பா, உங்க வண்டியெல்லாம் இப்பதான் கடையில வாங்குன மாதிரி பளபளங்குது. மழையில ஓடுற வண்டி இப்படியா இருக்கும்?"னு கிண்டலடிச்சுக்கிட்டே, டீத்தூளைப் பசையில கொழச்சு சக்கரத்துக்கெல்லாம் பூசினா. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனவ திரும்பி வரவேயில்ல. அதைப் போயி நான்...

நீங்க திட்டினதுக்கு வருத்தமில்ல. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல பாருங்க, அதைத்தான் தாங்க முடியல.

காலையில வடிகட்டுன டீத்தூளை ஜன்னலோரம் காயவெச்சிருக்கேன், கொட்டிடாதீங்க. சாயங்காலம் நான் வந்ததும் ரெண்டு பேருமா பூசலாம். அவ பூசுன மாதிரி வராது, தெரியும்.

செருப்பு மாட்டினவ திரும்பி வந்து இதை எழுதுறேன். மூட்டை ஏத்துன வண்டி இருக்குல்ல, அதோட உள்பக்கச் சக்கரத்துக்கு என் துணி எட்டல. கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க. சேத்துல அவ விரல் ரேகை அப்படியே இருக்கு.

நான் தொடல.