மூன்றுக்கு மூன்று

என் செல்லப் பேத்தி மெக்டில்ட்டுக்கு, பாட்டி கெர்ட்ரூட் எழுதுவது.

முதலில் நல்ல செய்திகள். உன் தம்பி லூட்கர் ஆஹனில் சொந்தமாகப் பல் மருத்துவமனை திறந்துவிட்டான். அவன் மகள் யூலா நீச்சலில் மாவட்டத்திலேயே முதல். நீயோ சின்ன ஊர்க் கோர்ட்டில் ஆரம்பித்து, கார்ல்ஸ்ரூவேயில், நாட்டின் அரசியல் சட்டக் கோர்ட்டில், சிவப்பு அங்கி போட்டு ஒன்றாக உட்காரும் எட்டு நீதிபதிகளில் ஒருத்தியாகிவிட்டாய். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள் நான். என் பேத்தி ஜட்ஜ் என்று, யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன்.

இப்போது சொல்வதில்லை.

நிலக்கரிச் சுரங்கத்துக்காக நம் ஊரை இடிக்கக் கூடாது என்று உங்கள் கோர்ட்டுக்கு மனு போட்டபோது, என்னைத்தான் முதல் கையெழுத்துப் போட வைத்தார்கள். "உங்க பேரப் பாத்தா பேத்தி விட்ருமா, போடுங்க பாட்டியம்மா" என்றான் பீர் கடை ஹூபெர்ட். பெருமையாகப் போட்டேன். பாட்டி போட்ட வழக்கில் பேத்தி உட்காரவே கூடாது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நீ விலகினாய். இன்னொரு நீதிபதி நோயில் படுத்தார். மிச்சம் ஆறு பேர், மூன்றுக்கு மூன்று. சரிசமமாக நின்றால் மனு தோற்றதாக அர்த்தமாம். நீ உட்கார்ந்திருந்தால் நான்குக்கு மூன்று என்று ஊரே கணக்குப் போடுகிறது.

சட்டம் அப்படியென்றால் நீ செய்தது சரிதான். ஆனால் இரண்டு வருடமாக ஒரு போன்கூட இல்லை, கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. மனுதாரர் வீட்டுக்கு எப்படிப் போவது என்று லூட்கரிடம் கேட்டாயாம். நான் உனக்கு எப்போதிலிருந்து மனுதாரர் ஆனேன், கண்ணு?

ரொட்டிக் கடையில் ஃபீனா, "ஜட்ஜம்மா பாட்டி வந்தாச்சு, வழி விடுங்கடி! இவங்க போட்ட கையெழுத்துலதான நம்ம வீடெல்லாம் போச்சு" என்றாள். யாரும் அவளை அடக்கவில்லை. ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று உன் தாத்தாவின் கல்லறையைத் தோண்டி, ஊருக்குப் பதிலாக நமக்குக் கட்டிக்கொடுத்த புதுக் குடியிருப்புக்கு அவரைக் கொண்டுபோனார்கள். பக்கத்தில் நான் மட்டும் நின்றேன்.

பீர் கடையில் மாட்டியிருந்த உன் அங்கிப் படத்தை ஹூபெர்ட் கழற்றி, செய்தித்தாளில் சுற்றி, என் வாசலில் வைத்துவிட்டுப் போனான். அதைப் புதுவீட்டில் மாட்ட மனம் வரவில்லை. வேறு படம் ஒன்று எடுத்து அனுப்பு. அங்கி வேண்டாம், தலை வாராமல், வீட்டுச் சட்டையோடு இருந்தாலும் போதும்.

கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும். புது முகவரி பின்பக்கம் இருக்கிறது. படத்தைப் பழைய முகவரிக்கு அனுப்பிவிடாதே, அடுத்த மாதம் அந்தத் தெரு இருக்காது.

உன் பாட்டி,
கெர்ட்ரூட்