ஒட்டுக் கேட்டதாக எழுதிக் கொடுத்தேன்

20-5-63 திங்கள்
வெயில் மண்டையைப் பிளக்குது. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஃபேன் ரிப்பேர். ஹெட்போன் மாட்டுன காதெல்லாம் வேர்வை. வாங்க வேண்டியது: ரிப்பன், தலைவலித் தைலம்.

பதினோரு மணிக்கு கந்தர்வக்கோட்டை முந்திரி மண்டியிலேர்ந்து தஞ்சாவூருக்கு ட்ரங்க் கால். பேசினது நம்ம மாப்பிள்ளை. போன மாசம் எனக்குப் பரிசம் போட்டவரு. மூணு நிமிஷம் ஆனா ஆபரேட்டர் உள்ளே போயி நீடிக்கணுமான்னு கேக்கணும். போனேன். அந்தப் பக்கம் ஒரு பொம்பளை சிரிச்சுக்கிட்டிருந்தா. நீடிங்கன்னாரு. என் குரல் தெரியலை. மூணு தடவை நீடிச்சாரு.

பரிசத்தன்னிக்கு என்கிட்ட பேசினது ரெண்டே வார்த்தை. "சீனி கம்மி."

21-5 செவ்வாய்
இன்னிக்கும் அதே நம்பர். உள்ளே போறப்ப அவரு அவகிட்ட சொன்னது காதுல விழுந்தது: "வெயில்ல அலையாதே." என்னை எவன் வெயில்ல அலையாதேன்னு சொன்னான்? மத்தியானச் சோறு அப்படியே இருக்கு.

சூப்பர்வைசர் அக்காகிட்ட சுத்தி வளைச்சுக் கேட்டேன். வேலைக்குச் சேர்றப்போ கையெழுத்துப் போட்டதை ஞாபகப்படுத்துனாங்க. ஒட்டுக் கேட்டா குத்தம், வெளியே சொன்னா பெரிய குத்தம். பேசுறவங்க ரகசியத்தைக் காப்பாத்தத்தான் சட்டமாம். அவரு ரகசியத்துக்கு நான் காவல். நல்லாயிருக்கு போங்க.

23-5 வியாழன்
கேட்டுட்டேன். ஒம்பது நிமிஷமும்.

அவ கேட்டா, "அந்தப் பொண்ணு எக்ஸ்சேஞ்ச்லதானே இருக்கு? காதுல விழுந்துட்டா?"

"விழட்டுமே. வெளியே சொன்னா அவ வேலைதான் போகும். சம்பளக்காரப் பொண்ணுன்னுதான் எங்கம்மா முடிச்சாங்க. கல்யாணம் ஆனாலும் ஒன்னைப் பாக்க வாரது நிக்காது, கண்ணு."

கண்ணாம். கோவம் அவரு மேலதான் வரணும். அவ மேல வருது. பாழாப்போன குரலு, நல்லாவும் இருக்கு.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட இந்தக் கல்யாணம் வேண்டாம்னேன். காரணம் என்ன, யாரு சொன்னான்னு கேட்டாரு. சொன்னா ஒட்டுக் கேட்டதும் வெளியே சொன்னதும் ரெண்டு குத்தமும் ஆயிடும். நாளைக்குத் தாலிக்குப் பொன் உருக்கணும், காரணம் சொல்லாம நான் எந்த மூஞ்சியோட நிறுத்துறதுன்னு கத்துறாரு.

24-5 வெள்ளி
காலையிலேயே அப்பாவை ஆபீசுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டேன். இன்ன நாள், இன்ன நம்பர், வேணும்னே ஒட்டுக் கேட்டேன்னு எழுதி அக்கா கையில கொடுத்தேன். கேட்டதை அங்கேயே அப்பாகிட்ட சொன்னேன். அக்கா தலையில கையை வச்சுக்கிட்டாங்க. "சும்மா இருந்திருக்கலாமேடி" மட்டும் சொன்னாங்க. விசாரணை முடியிற வரைக்கும் வேலைக்கு வரக் கூடாது.

அப்பா என்னோட வீட்டுக்கு வந்தாரு. பரிசச் சேலையைத் திருப்பிக் கொடுக்க வாங்கிக்கிட்டு நேரா கந்தர்வக்கோட்டை பஸ் ஏறிட்டாரு. பொன் உருக்கலை.

சட்டப்படி அவரு மேல ஒரு தப்பும் கிடையாது. குத்தவாளி நான்தான்.

இன்னேரம் என் நாற்காலியில வேற ஒருத்தி உக்காந்து அவங்க ரெண்டு பேருக்கும் லைன் போட்டுக் கொடுத்துக்கிட்டிருப்பா. லைன் போடுற அந்த ஒருத்தி மேலயும் பொறாமையா இருக்கு, சீ.